‘கொஞ்சம் பாத்துக்கோங்க’

கடை வாசலில் நாயைக் கட்டிவிட்டு உள்ளே போகலாமா? நகரத்தில் நாய் வளர்ப்பவர்களின் கேள்வி இது என்று தோன்றும். எங்கள் பழவேற்காட்டில் சமீபகாலம் வரை இப்படியொரு கேள்வி எழுந்ததில்லை. குப்பத்து நாய்களுக்குக் கயிறு கிடையாது. கரைக்குப் போகிறவர்களின் பின்னால் போகும். வலை உதறும் இடத்தில் விழும் பொடிமீனுக்காகச் சுற்றும். மளிகைக் கடைக்குப் போகும் பெண்ணோடு கூடவே போய் வாசலில் படுத்திருக்கும், சலித்துப்போனால் எழுந்து போய்விடும். எந்த வீட்டு நாய் என்று கேட்டால் ஒரு வீட்டைக் கைகாட்டுவார்கள். ஆனால் நாலைந்து வீட்டுச் சோறு அதன் உடம்பில் இருக்கும்.

கயிறு காரோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியைப் பார்க்கவும், டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கவும், கடற்கரைக்குப் போகவும், இறாலும் நண்டும் வாங்கவும் சென்னையிலிருந்து வருகிறவர்களில் சிலர் நாயையும் கூட்டி வருகிறார்கள். மீன் வாங்கும் இடத்தில் தரை ஈரம், ஆள் நெரிசல், அரிவாள்மனை, கவிச்சி. நாயை உள்ளே இழுத்துப் போக முடியாது. வெளியில் ஒரு கம்பம் இருக்கும், அல்லது வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டிய மூங்கில் இருக்கும். கயிற்றை அதில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுகிறார்கள். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, “கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா” என்கிறார்கள். பதிலுக்காக நிற்பதில்லை. சிலர் அதையும் சொல்வதில்லை.

இந்தக் கட்டுரை அந்த நாயைப் பற்றியது, அந்தப் பெண்ணைப் பற்றியதும்கூட. இருவரையும் பிரித்து வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

வழக்கமாக இந்த விவாதம் இரண்டு தரப்புக்குள் முடிந்துவிடும். ஒன்று நாய்: அது வெயிலில் வாடுமா, பயப்படுமா, யாராவது அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்களா. இன்னொன்று வளர்ப்பவர்: அவருக்கு வேறு வழி உண்டா, பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும். மூன்றாவது ஆள் கணக்கிலேயே வருவதில்லை. ஆனால் கம்பம் நாயைப் பார்த்துக்கொள்ளாது. கயிறும் பார்த்துக்கொள்ளாது. நாயைக் கம்பத்தில் கட்டியதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் பக்கத்தில் இருக்கும் ஒருவரின் கவனத்தில் கட்டிவிட்டுப் போகிறோம்.

அந்தக் கவனத்துக்கு என்ன விலை? அவள் முதலில் கூடையை இரண்டடி நகர்த்த வேண்டும். நாய் மீனில் வாய் வைத்தால் நட்டம் அவளுக்கு. வைக்காவிட்டாலும், நாய் முகர்ந்த கூடையில் அடுத்த ஆள் மீன் எடுக்க யோசிப்பார். குப்பத்து நாய்கள் சும்மா இருக்காது. தங்கள் இடத்தில் புதிதாக ஒரு நாய், அதுவும் ஓட முடியாத நாய், நிற்கிறது என்றால் நாலு பக்கமும் வந்து நின்று குரைக்கும். கட்டப்படாத நாய்க்குப் பயம் வந்தால் ஓடிவிடும். கட்டிய நாய்க்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது, மிச்சமிருப்பது பல் மட்டும். அந்த நேரத்தில் கையில் கிடைத்ததை ஓங்கி மற்ற நாய்களை விரட்டுவது யார்? கல்லெறியும் பையன்களை அதட்டுவது யார்? சிமெண்டுத் தரை கொதிக்கும் மதியத்தில் நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கும் நாய்க்கு, மீன்மேல் தெளிக்க வைத்திருக்கும் தண்ணீரிலிருந்து ஒரு வாய் ஊற்றுவது யார்? சுற்றிலும் ஏரி, கடல் என்று தண்ணீர்தான். நாய் குடிக்கிற தண்ணீரை மட்டும் யாராவது குடத்தில் கொண்டுவந்திருக்க வேண்டும்.

நாய் கடித்துவிட்டால் கணக்கு இன்னும் நீளும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. அதனால் கடிபட்டவர் தடுப்பூசியைத் தவிர்க்க முடியாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். தோலுக்குள் போடும் முறையென்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், நான்கு தடவை ஊசிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். நான்கு நாள் வியாபாரம் கெடுவது இலவசமில்லை. இதற்கெல்லாம் மேலே ஒரு கேள்வி வரும்: “கட்டித்தானே இருந்துச்சு, நீ ஏன் கிட்ட போன?” இந்தக் கேள்வியை வேறு எதற்கெல்லாம் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள் என்று இதை வாசிக்கும் பெண்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

என் அம்மா கூடை சுமந்து வீடு வீடாக மீன் விற்றவள். பொன்னேரிப் பக்கம் தெருத்தெருவாகப் போவாள். அவளுக்கு ஒவ்வொரு வீட்டுச் சங்கிலியின் நீளமும் தெரியும். இந்த வீட்டில் நாய் முதல் படி வரை வரும், அந்த வீட்டில் கிணற்றடி வரை, இன்னொரு வீட்டில் கேட்டைத் தாண்டியே வரும். அதற்கு ஓரடி தள்ளித்தான் கூடையை இறக்குவாள். உள்ளேயிருந்து குரல் வரும்: “அது ஒண்ணும் பண்ணாதும்மா, வா.” ‘ஒண்ணும் பண்ணாது’ என்பதும் ‘கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்பதும் எனக்கு ஒரே வாக்கியமாகத்தான் கேட்கின்றன. இரண்டையும் சொல்கிறவருக்கு ஆபத்தில்லை. இரண்டிலும் ஆபத்து கேட்கிறவள் பக்கம் தள்ளப்படுகிறது. கயிறு எவ்வளவு நீளம், எங்கே முடிச்சு, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் ஒருவர் தீர்மானிக்கிறார். அந்த நீளத்தை அளந்து அளந்து வாழ்வது இன்னொருத்தி.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் அது வேரூன்றியது. சண்டையில்லாமல் ஏரியைப் பங்கிட்டுக்கொண்ட அறிவு என்று ஆய்வாளர்கள் அதை மெச்சி எழுதியிருக்கிறார்கள். மெச்சத் தகுந்ததுதான். ஆனால் அந்தப் பங்கில் பெயர் இருப்பது ஆண்களுக்கு, அதுவும் குறிப்பிட்ட சாதியின் ஆண்களுக்கு மட்டும். கழுத்தளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்து, பல்லால் கடித்துப் பிடித்த பறியில் போடும் இருளர் பெண்களுக்குப் பாடு கிடையாது. பிடித்து வந்ததை விற்றுக் காசாக்கும் மீனவப் பெண்களுக்கும் கிடையாது. பாடு என்றால் ஆண்களுக்கு முறை. பெண்களுக்குப் பாடு என்றால் வெறும் பாடுதான்.

பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மட்டும் முறை வைக்காமலேயே பெண்ணின் பெயர் எழுதப்பட்டுவிடுகிறது. பக்கத்துக் கூடை, பக்கத்து வீட்டுப் பிள்ளை, காயும் கருவாடு, வண்டியில் விட்டுப்போன பை, இப்போது வெளியூர்க்காரரின் நாய். 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நாடளாவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவழிப்பதாகத் தெரியவந்தது. அந்த 299க்குள் சமையலும் துணி துவைப்பதும் வரும். வேறு வேலை செய்துகொண்டே ஒரு கண்ணை இன்னொன்றின் மேல் வைத்திருப்பது எந்தக் கட்டத்தில் வரும்? மீனை அரிந்துகொண்டே நாயையும் பார்த்தவளிடம் என்ன செய்தாய் என்று கேட்டால், மீன் அரிந்தேன் என்றுதான் சொல்வாள். பார்த்துக்கொண்டது அவளுக்கே வேலையாகத் தெரிந்திருக்காது.

அமெரிக்கச் சிந்தனையாளர் ஜோன் ட்ரோன்டோ 1993இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். வசதி உள்ளவர்கள் தங்கள் பொறுப்பைப் பிறர் தலையில் இறக்கிவிடுகிறார்கள், இறக்கியதையே கவனிக்காமல் இருக்கும் வசதியும் அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. சலுகையோடு வரும் பொறுப்பின்மை என்று தமிழில் சொல்லலாம். நாயைக் கட்டிவிட்டு உள்ளே போகிறவர் கொடியவரில்லை. நாய்மேல் உயிரையே வைத்திருப்பார். கேட்டால், “நான் யாருக்கும் தொந்தரவு தரலையே, ஓரமாத்தானே கட்டினேன்” என்பார். அந்த ஓரத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவருடைய அன்பு நாயோடு நின்றுவிட்டது. நாயைச் சூழ்ந்திருக்கும் மனிதர்கள் வரை நீளவில்லை.

நாயின் பக்கமும் பேச வேண்டும். காத்திருப்பதற்காகப் புகழப்படும் உயிர்கள் உலகில் இரண்டு: நாய், பெண். டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஹச்சிகோ என்ற நாய்க்குச் சிலை இருக்கிறது. அதை வளர்த்த பேராசிரியர் 1925இல் இறந்துபோனார். 1935இல் தானும் சாகும்வரை அது அவருக்காக அந்த நிலையத்துக்கு வந்துபோனது. நம்முடைய திணை மரபு இருத்தலை முல்லைக்கும் இரங்கலை நெய்தலுக்கும் உரிப்பொருளாக வகுத்து, இரண்டையும் பெரும்பாலும் பெண்ணிடம் ஒப்படைத்தது. எங்கள் ஊர் நெய்தல். கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் நிற்பதைப் பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பாட்டில் வராத ஒன்று உண்டு. நிற்கிறவள் அங்கே நிற்பதைத் தானே தேர்ந்தாளா? பாதியில் எழுந்து போனால் அவளை என்ன சொல்வார்கள்?

ஹச்சிகோவை அந்த நிலையத்தில் யாரும் கட்டிவைக்கவில்லை. எங்கள் மளிகைக் கடை வாசலில் படுத்திருக்கும் குப்பத்து நாயையும் யாரும் கட்டவில்லை. காத்திருப்பது வேறு, காக்கவைக்கப்படுவது வேறு. எழுந்து போக முடிகிற உயிர் போகாமல் இருந்தால் அதைப் பிரியம் என்று சொல்லலாம். போக முடியாத உயிர் அங்கேயே இருப்பதை வைத்து அதற்கு நன்றியுண்டு, விசுவாசம் உண்டு என்று மெச்சிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. திருமணத்துக்கும் இது பொருந்தும் என்று வாசிக்கிறவர்களுக்குத் தோன்றினால் நான் மறுக்கமாட்டேன்.

வாசலில் விடப்பட்ட நாயின் பழைய கதையொன்று மகாபாரதத்தில் வருகிறது. இமயத்தில் ஏறிப் போகும் தருமரின் பின்னால் ஒரு நாய் வருகிறது. சொர்க்கத்தின் வாசலில் இந்திரன், நாயை விட்டுவிட்டு வா என்கிறான். நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன், அப்படியொரு சொர்க்கம் வேண்டாம் என்று தருமர் நின்றுவிடுகிறார். அறத்தின் உச்சம் என்று இதைச் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதே பாதையில் முதலில் விழுந்தவள் திரௌபதி. ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்க, அருச்சுனன்மேல் அவளுக்குக் கூடுதல் பிரியம் என்று குறையைச் சொல்லிவிட்டு, தருமர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்தக் குறையை இந்திரனும் சுட்டிக்காட்டுகிறான். இறந்த பிறகுதான் அவர்களை விட்டேன், உயிரோடு இருந்தபோது விடவில்லை என்பது தருமரின் பதில். திரௌபதியை அம்மனாக வைத்துத் தீ மிதிக்கும் வட தமிழ்நாட்டுப் பெண்ணாகிய எனக்கு அந்தப் பதில் போதவில்லை. நாயிடம் அவர் குறை எதையும் தேடவில்லை. நாய்க்குக் கிடைத்த கருணை குறைந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு உயிரிடம் காட்டும் கருணை, பக்கத்தில் இருக்கும் இன்னொரு உயிரைப் பார்க்காமலிருக்க உதவிவிடக் கூடாது என்கிறேன்.

அப்படியானால் கயிற்றை அவிழ்த்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். காப்பாற்ற ஓடிய தாயும் கடிபட்டாள். அங்கே கயிறில்லாததுதான் சிக்கல். நாய் அவர்களுடையதில்லை, முடிவும் அவர்களுடையதில்லை. ஆனால் கடி அவர்களுக்கு. எங்கள் கரையிலும் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் மாதங்களில், அவிழ்த்துவிட்ட நாய் மணலைத் தோண்டி முட்டையைத் தின்றுவிடும். இப்போது சட்டமும் இதில் சேர்ந்துகொண்டது. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. நவம்பர் 7 அன்று பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, மீண்டும் அங்கே விடக் கூடாது என்றது. நாலைந்து வீட்டுச் சோறு தின்னும் குப்பத்து நாயை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கழுத்தில் கயிறு இருந்தால் வீட்டு நாய், இல்லாவிட்டால் தெருநாய் என்ற உலகம் வந்துகொண்டிருக்கிறது. அந்த உலகத்தில் கயிறு நாய்க்குப் பாதுகாப்பும்கூட.

கட்டுவதைப் பற்றி நம் சட்டம் யோசித்திருக்கிறது. அதை யோசிக்க வைத்தவர் ஒரு தமிழ்ப் பெண். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக அரசே 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, நியாயமற்ற நேரத்துக்கு, நியாயமற்ற அளவில் குட்டையான அல்லது கனமான சங்கிலியிலோ கயிற்றிலோ விலங்கைக் கட்டிவைப்பது குற்றம். வழக்கமாகவே கட்டிவைக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதும் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. ஒரு கூறு பொடிமீன்கூட இன்று அந்த விலைக்குக் கிடைக்காது. ஆனாலும் கயிற்றின் நீளத்தையும் நேரத்தையும் அறத்தின் கேள்வியாகப் பார்த்த சட்டம் அது. பக்கத்தில் இருக்கும் பெண் அதிலும் இல்லை.

இன்னொரு தடையும் உண்டு, அது என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சென்னையில் தனியாக வாடகை வீட்டில் இருக்கும் என் தோழி ஒருத்தி நாய் வளர்க்கிறாள். வேலை முடிந்து வந்து இரவு ஒன்பது மணிக்கு அதைக் கூட்டிக்கொண்டு வெளியே போவாள். “நாய் கூட இருந்தா அந்த நேரத்துல ஏன் தெருவுல நிக்கிறன்னு ஒருத்தரும் கேக்கறதில்லடி” என்பாள். திரும்பும் வழியில் கடைக்கம்பியில் நாயைக் கட்டிவிட்டுப் பாலும் முட்டையும் வாங்குவாள். கட்டக் கூடாது என்று பொதுவாக ஒரு விதி போட்டால், நாயை வீட்டில் பூட்டிவிட்டுத் தனியாகப் போ, அல்லது வெளியே போகாதே என்று அவளிடம் சொன்னதாகும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒழுக்கத்தை நான் நம்புவதில்லை. ஆனால் அவள் செய்வதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கடைக்கார அக்காவுக்கு அந்த நாயின் பெயர் தெரியும். நாய்க்கும் அக்காவைத் தெரியும். “இன்னிக்குக் கூட்டமா இருக்கு, இங்க கட்டாத” என்று அக்கா சொன்ன நாட்கள் உண்டு. அந்த நாட்களில் இவள் கட்டவில்லை. அக்கா ஊருக்குப் போனபோது கடைப் பூனைக்குச் சோறு வைத்தது இவள்.

எனவே என் பதில் இது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு, அவர் மாட்டேன் என்று சொல்ல முடிகிற நிலையில் இருந்து, சரி என்று சொன்னால் கட்டலாம். நாய் நம் பார்வையில் இருக்க வேண்டும், நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும், சொன்ன நேரத்துக்குள் திரும்ப வேண்டும், அவருக்கும் ஒருநாள் நாம் எதையாவது பார்த்துக்கொடுக்க வேண்டும். மீன் விற்கும் பெண்களுக்குள் இது புதிதில்லை. இன்று உன் கூடையை நான் பார்க்கிறேன், நாளை என் கூடையை நீ பார் என்பது அவர்களுக்குள் எழுதாத கணக்கு. அதில் கடன் உண்டு, அடைப்பதும் உண்டு. காரில் வந்து காரில் போகிறவர் அந்தக் கணக்கில் இல்லை. அவர் திரும்பி வந்து கயிற்றை அவிழ்க்கும்போது, கேட்ட விலையில் இருபது ரூபாய் குறைத்துப் பேசி வாங்கிய இறால் அவர் கையில் இருக்கும். கூட ஒருவர் வந்திருந்தால், முறைபோட்டு ஒருவர் நாயோடு நிற்கலாம். யாருமில்லை, கேட்கவும் ஆளில்லை என்றால் அன்றைக்கு நாயைக் கூட்டி வராமல் இருக்கலாம். நாயின் பொறுப்பை எடுத்தவருக்கு அந்தச் சிரமமும் சேர்ந்ததுதான்.

இதில் ‘மாட்டேன்’ என்ற சொல்தான் கடினம். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் வீசுகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் எழுப்பிய குரலின் காணொளி மாநிலம் முழுக்கப் பரவியது, முதலமைச்சரே கண்டித்தார். இறக்கிவிடுவது புதிதில்லை, அந்தக் குரல்தான் செய்தியாயிற்று. பொது இடத்தில் எங்கள் பெண்கள் இருக்கவே இடம் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. அதே இடத்தில் நாய்க்குக் காவல் இருக்கும்படி அவர்களிடம் மட்டும் யாரும் அனுமதி கேட்பதில்லை. வாடிக்கையாளரிடம் ‘பார்த்துக்க முடியாதுப்பா, வேலையா இருக்கேன்’ என்று சொன்னால் இரண்டு கிலோ இறால் விற்காமல் போகலாம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் தலையசைப்பாள். அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை, சம்மதம் பற்றி இத்தனை ஆண்டுகளாகப் பேசிவரும் நாம் மற்றவர்களைவிட நன்றாக அறிவோம்.

நாயை, பிள்ளையை, பையை, வயதான மாமியாரை, எதையாவது யாரிடமாவது விட்டுவிட்டு ‘கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்று சொல்லாத பெண் நம்மில் யாரும் இல்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் எந்தக் குப்பமும் நடக்காது, எந்த நகரமும் நடக்காது. சொன்ன பிறகு ஒரு கணம் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போவோம்.